காசு நின்ற பிறகு சனிக்கிழமைக் குழு

கேள்வி:

யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில் ஒரு கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு நிறுவனம் ஒன்றரை வருசம் இளையோருக்கான உளசமூகத் திட்டம் (மனநலத்தையும் ஊர்த்துணையையும் சேர்த்துப் பார்ப்பது) ஒன்றை நடத்தியது. சனிக்கிழமை பின்னேரங்களில் 14 முதல் 21 வயது வரையான 26 பேர் வருவார்கள். பாதிப்பேர் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகள். சிலர் அங்கேயே பிறந்தவர்கள், சிலர் 2006இல் கைக்குழந்தையாகப் படகில் கொண்டுபோகப்பட்டவர்கள். ஒரு குடும்பம் 2022இல் பொருளாதார நெருக்கடி நேரம் படகில் போய், கடல் நடுவே மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, பிறகு திரும்பி வந்தது. மற்றப் பாதி இங்கேயே நலன்புரி நிலையங்களில் (இடம்பெயர்ந்தோர் முகாம்களில்) வளர்ந்து, இராணுவத்திடமிருந்து காணி விடுபட்ட பிறகு ஊருக்கு வந்தவர்கள்.

மார்கழியோடு திட்டம் முடிந்தது. கொடுப்பனவு நின்றதும் மூன்று இணைப்பாளர்களில் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். நான் மட்டும் தொடர்கிறேன். 17 வயதுத் தம்பி ஒருவன் இரவில் நித்திரை இல்லாமல் கையைக் கீறிக்கொள்கிறான். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ ரீச்சர்" என்கிறான். ஒரு பிள்ளை, நடந்ததை வரையச் சொன்ன நாளில் கடல் பயணத்தை வரைந்துவிட்டு அழுதவள், அதற்குப் பிறகு வரவேயில்லை. வராத பிள்ளையின் கதையைக் கேட்டு எழுதி வைக்க வேண்டுமா? கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உளவளத்துணை (மன ஆலோசனை) நிலையம் கட்டித்தரத் தயார். ஆனால் மாதாமாதம் பிள்ளைகளின் படமும் கதையும் அனுப்ப வேண்டுமாம். வன்னியில் இருந்து 2009இல் வந்தவள் நான். எனக்கே இப்போது நித்திரை குறைவு. குழுவைத் தொடர்வதா, மூடுவதா? 10, 11 வயதுத் தம்பி தங்கைகளும் வரக் கேட்கிறார்கள், சேர்க்கலாமா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

குழுவைப் பற்றி எழுத முதல் அந்தத் தம்பியின் அலுவலைப் பார்ப்போம். அது அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது.

கையைக் கீறுகிற எல்லாப் பிள்ளையும் சாக நினைப்பதில்லை. தாங்க ஏலாத ஒரு அந்தரத்தை அந்த நேரத்துக்கு அடக்கத்தான் பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனாலும் நாங்கள் ஊகித்துக்கொண்டு இருக்க ஏலாது, கேட்க வேண்டும். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் காதுக்குக் கேளாத இடத்தில் இருத்தி, "உயிரோட இருக்க வேண்டாம் எண்ட யோசினை வாறதா தம்பி?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே ஊட்டியதாகிவிடும் என்ற பயம் எங்கள் ஊர்களில் நிறைய உண்டு. அது பிழையான பயம். கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆறுதல்தான் வரும். "ஓம்" என்றாலோ, மழுப்பினாலோ, அன்றைக்கே தாயிடமோ அவன் நம்புகிற ஒரு பெரியவரிடமோ சொல்லி, தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ யாழ். போதனா வைத்தியசாலைக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். "இல்லை" என்றாலும் இந்தக் கிழமைக்குள் கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டும். துண்டு எழுதிக் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள், கூடப் போங்கள். முதல் தரம் கிளினிக் வாங்கில் தனிய இருந்துவிட்டு வருகிற 17 வயதுப் பெடியன் இரண்டாம் தரம் போகமாட்டான். இரவில் நிலைமை மோசமானால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. உயிராபத்து என்றால் 1990 அம்புலன்ஸ்.

வீட்டில் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து இருந்தால் அதைப் பூட்டி வைக்கவோ, வேறு வீட்டுக்கு மாற்றவோ சொல்லுங்கள். இதைச் சின்ன விசயமாக எண்ண வேண்டாம். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. அந்தத் தொகை பிறகு பெருமளவு குறைந்ததற்கு, கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தது முக்கியமான காரணம். மனம் மாறும் வரைக்கும் கைக்கு எட்டாமல் வைப்பது உயிரைக் காப்பாற்றுகிறது.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றானே, அதற்கு நீங்கள் கொடுக்கக்கூடிய வாக்கு ஒன்றுதான்: "உன்ரை கதையை நான் ஊரிலை கதைக்க மாட்டன். ஆனா உன்ரை உயிருக்கு ஆபத்து எண்டா சொல்லுவன். ஆருக்கு, எப்பிடிச் சொல்லுறது எண்டதை உன்னோட சேர்ந்துதான் முடிவெடுப்பன்." இதை அவனுக்கு மட்டும் சொல்லாமல், குழு முழுவதற்கும் ஒரு விதியாக முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடி, பாலியல் துன்புறுத்தல் போன்ற விசயங்களுக்கும் அதே விதிதான். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 1929 சிறுவர் உதவி இலக்கமும், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள்.

இனிக் குழு. மூட வேண்டாம். ஆனால் திட்டம் நடந்த மாதிரியே அதை இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம்.

ஒவ்வொரு கிழமையும் மூன்று மணித்தியாலம், ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு அறிக்கை, தொடக்கத்தில் ஒரு வினாக்கொத்து, முடிவில் இன்னொரு வினாக்கொத்து, பெயர்ப்பட்டியல், கையெழுத்து, படம். இவற்றில் பாதிக்கு மேல் காசு கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டத் தேவைப்பட்டவை. பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது தெரிந்த இடம், தெரிந்த முகம், தவறாத நேரம். முகாமில் பிறந்து, அங்கிருந்து பிடுங்கப்பட்டு, இங்கே வந்து மூன்று தரம் வீடு மாறிய ஒரு பிள்ளைக்கு, சனிக்கிழமை நாலு மணிக்குக் கதவு திறந்திருக்கும் என்ற நிச்சயம் ஒரு பெரிய விசயம். ஆகவே குறையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தரம், ஒன்றரை மணித்தியாலம். ஆனால் அறிவித்த நாளை ஒரு நாளும் தவற விடாதீர்கள். பரீட்சைக் காலம், நல்லூர்த் திருவிழா, உங்கள் ஊர்க் கோயில் கொடியேற்றம் எல்லாவற்றையும் வருசத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் பார்த்து, நடக்காத நாட்களையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்று போன வகுப்புகளும் திட்டங்களும் இந்தப் பிள்ளைகளுக்குப் பழகிப்போனவை.

அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கரம்போட், கரப்பந்து, தேத்தண்ணி, கணிதப் பாடத்தில் ஒருவருக்கொருவர் உதவி, முடிவில் பத்து நிமிசம் மூச்சுப் பயிற்சி. பத்து நிமிசம் போதும். யாழ்ப்பாணத்தில் உளசமூகப் பணியைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரான பேராசிரியர் தயா சோமசுந்தரம், ஆட்களுக்கு ஏற்கெனவே பழக்கமான முறைகளையே பயன்படுத்தச் சொன்னவர். சைவப் பிள்ளை "ஓம் நமசிவாய" என்பதையும், வேதப் பிள்ளை செபமாலையையும் மூச்சோடு சேர்த்துச் சொல்லலாம். யோகாசனத்தின் சாந்தியாசனமும் நல்லது. புதிதாக ஒன்றைக் கற்பிக்க வெளியிலிருந்து ஆள் எடுக்கத் தேவையில்லை. போர் ஒரு ஆளை மட்டும் உடைப்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து உடைக்கிறது, ஆகவே ஆறுதலும் அந்த மட்டத்தில் நடக்க வேண்டும் என்பது அவர் நெடுங்காலம் வலியுறுத்தி வரும் கருத்து. உங்கள் குழு செய்கிற வேலை அதுதான்.

26 பேரையும் "பாதிக்கப்பட்ட பிள்ளைகள்" என்றே நீங்கள் பார்ப்பதாக எனக்குப் படுகிறது. அதைக் கொஞ்சம் தளர்த்தலாம். போர் நடந்த இடங்களில் எந்த ஒரு நேரத்திலும் ஐந்து பேரில் ஒருவருக்கு, அதாவது 22 வீதமானவர்களுக்கு, ஏதோ ஒரு மனநோய் நிலை இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட கணக்கு. அதை உங்கள் குழுவுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். என்றாலும் பெரும்பான்மையோருக்குத் தேவைப்படுவது சிகிச்சை இல்லை என்பதை அது காட்டுகிறது. 2007இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டி ஒன்று இந்தப் பணியை நாலு மட்டமாகப் பிரிக்கிறது. அடியில் பாதுகாப்பு, உணவு, ஆவணம், இருப்பிடம். அதற்கு மேலே குடும்பமும் ஊரும் தருகிற துணை. மூன்றாவது, பயிற்சி பெற்ற பணியாளர் மேற்பார்வையோடு செய்கிற உதவி. உச்சியில் மருத்துவரும் உளவியலாளரும். உங்கள் குழு இரண்டாம் மட்டத்தில் உறுதியாக நிற்கட்டும். திட்டம் உங்களைப் போதிய பயிற்சி இல்லாமல் மூன்றாம் மட்டத்துக்குத் தள்ளியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அந்த வரைதல் வகுப்பு அதற்கு அடையாளம்.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். நடந்ததை வெளியே கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்ற நம்பிக்கையில் இப்படியான வகுப்புகள் நடக்கின்றன. எல்லோர் முன்னிலையிலும், ஒரே பின்னேரத்தில், பின்தொடர ஆள் இல்லாமல் கிளறுவது ஆறுதல் தராது. சிலருக்கு நிலைமை மோசமாகவும் போகும். அதிர்ச்சிக்குப் பிறகு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. நினைவுகளை ஒழுங்காக எடுத்துச் சொல்ல வைக்கும் சிகிச்சைகள் இருக்கின்றன, பயனுள்ளவைதான். ஆனால் அவை தனித்தனியாக, பல அமர்வுகளாக, பயிற்சி பெற்றவர்களால் செய்யப்படுபவை. அதிலும் ஒரு சுவையான விசயம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் வடகிழக்கில் 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கதையை எடுத்துச் சொல்லும் சிகிச்சையும், மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு ஆறு அமர்வுகள் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பகுதியும் தேறியது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் வாயைத் திறக்க வைத்தால்தான் குணமாகும் என்று நிற்பவர்களுக்கு அது ஒரு பதில்.

ஆகவே கதையைக் கேட்டு எழுதி வைக்க வேண்டாம். அவள் வீட்டுக்கு ஒரு தரம் போய்வாருங்கள். படத்தைப் பற்றிக் கதைக்காதீர்கள். தாயோடு தேத்தண்ணி குடித்துவிட்டு, "அடுத்த கிழமை கரப்பந்து இருக்கு, வரைதல் இல்லை, விருப்பமெண்டா வாரும்" என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். அந்தப் படம் உங்களிடம் இருந்தால் அவளிடம் திருப்பிக் கொடுங்கள். அது அவளுடையது. வராவிட்டாலும், பள்ளிக்கூடம் போகிறாளா, சாப்பிடுகிறாளா, நித்திரை கொள்கிறாளா என்று தாயிடம் இடைக்கிடை விசாரியுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விசயத்துக்கு வருகிறேன்.

2012இல் வெளியான ஒரு ஆய்வு வட இலங்கையில் 399 பாடசாலைப் பிள்ளைகளோடு நடந்தது. நிபுணர் அல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளிக்கூடங்களில் 15 அமர்வுகள் நடத்தினார்கள். உங்கள் திட்டம் போலத்தான். முடிவு கலவையாக வந்தது. சில பிள்ளைகளுக்கு நன்மை, சிலருக்கு ஒன்றுமில்லை. பெண்பிள்ளைகளில், அமர்வு கிடைக்காமல் காத்திருந்தவர்கள் அதிர்ச்சியின் அறிகுறிகளில் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். போரால் அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்த நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே அமர்வுகள் கூடுதலாக உதவின. வடகிழக்கில் 2008இல் வெளியான இன்னொரு ஆய்வு, போரும் சுனாமியும் மட்டுமல்ல, வீட்டில் நடக்கிற அடியும் தகப்பனின் குடியும் பிள்ளைகளின் மனநிலையோடு நேராகத் தொடர்புபட்டிருப்பதைக் காட்டியது. கிராமத்தில் வேலை செய்கிற எவருக்கும் இது ஆச்சரியமாக இராது.

உங்கள் குழுவில் முகாமிலிருந்து வந்த பிள்ளைகளை இன்றைக்கு வருத்துவது எது என்று பாருங்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ் பிறப்பைப் பதிவுசெய்து சான்றிதழ் எடுக்க வேண்டும். அது இல்லாமல் அடையாள அட்டை இழுபடும். அடையாள அட்டை இல்லாமல் சாதாரண தரப் பரீட்சை வரும்போது அந்தரம். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்தவரின் சான்றிதழை இங்கே எப்படிக் கணக்கெடுப்பது என்பது இன்னொரு இழுபறி. வகுப்பில் சிங்களப் பாடம் முன்பின் தெரியாது. கதைக்கிற விதத்தைப் பிடித்து "இந்தியாக்காரன்" என்று நக்கல். அங்கே "அகதி", இங்கே வந்தால் இது. தகப்பனுக்குத் தொழில் இல்லை, நுண்கடன் தவணைக்கு ஆள் வாசலில். இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, சனிக்கிழமை மூச்சுப் பயிற்சி மட்டும் செய்வித்தால் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொல்வது என்ன?

ஒரு பிள்ளையின் பிறப்புப் பதிவை முடித்துக் கொடுப்பதையும் நான் மனநலப் பணியாகத்தான் எண்ணுகிறேன். குழுவில் 18 வயதுக்கு மேற்பட்ட இரண்டு பேரைத் தெரிந்து, ஆர் ஆருக்கு எந்த ஆவணம் இல்லை என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். கிராம அலுவலர், பிரதேச செயலகம், அங்கே முடியாவிட்டால் யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகம் என்று வரிசையாகப் போகட்டும். பிள்ளைகளே பிள்ளைகளுக்காக அலைந்து ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு வருகிற நாளில், அவர்களின் முகத்தில் தெரிகிறது எந்த வினாக்கொத்திலும் தெரியாது. நக்கல் விசயத்துக்குப் பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரைச் சந்தியுங்கள். உங்கள் குழுவிலேயே நக்கல் அடிக்கிறவர்கள் இருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். நலன்புரி நிலையத்தில் 1990இல் இருந்து முடங்கிக் கிடந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, "நீங்கள் கடல் கடந்து தப்பினீங்கள், நாங்கள்தான் இஞ்சை கிடந்து பட்டனாங்கள்" என்ற ஒரு மனக்குறை இருக்கும். அதைப் பேச்சுப் போட்டி வைத்துத் தீர்க்க முடியாது. ஒரே கரப்பந்து அணியில் கலந்து போடுங்கள்.

தகப்பன் இல்லாத பிள்ளைகள் பற்றியும் ஒரு சொல். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் ஆடி அமாவாசை நெருங்கினால் ஒரு இறுக்கம் வரும். கீரிமலைக்குப் போய் விரதம் பிடித்துத் தர்ப்பணம் செய்வதா, செய்தால் செத்ததாக ஒப்புக்கொண்டதாகுமா என்று தாயும் மகனும் முட்டிக்கொள்வார்கள். "ஏற்றுக்கொள்ளுங்கோ" என்று நீங்களோ குழுவில் வேறு எவரோ சொல்லிவிட வேண்டாம். செய்கிற வீடும் சரி, செய்யாத வீடும் சரி. அந்தக் கிழமை குழுவில் பிள்ளை ஒதுங்கி இருந்தால் இருக்க விடுங்கள்.

எங்கே வேரூன்றுவது என்பது அடுத்தது. ஒரு ஆளின் தோளில் தொங்குகிற குழு அந்த ஆளின் கலியாணத்தோடோ இடமாற்றத்தோடோ வெளிநாட்டுப் பயணத்தோடோ முடிந்துவிடும். உங்களுக்குச் சனசமூக நிலையம் இருக்கிறது. அதற்கு யாப்பு உண்டு, பதிவு உண்டு, ஆண்டுப் பொதுக்கூட்டம் உண்டு, எந்த நிறுவனம் வந்து போனாலும் அது அங்கேயே நிற்கும். நிர்வாக சபைக் கூட்டத்தில் உங்கள் குழுவை ஒரு இளையோர் உபகுழுவாகத் தீர்மானித்து அறிக்கைப் புத்தகத்தில் எழுதுவியுங்கள். திறப்பு ஆரிடம், கரண்ட் காசு ஆர் கட்டுவது, அறை எந்த நேரம் உங்களுக்கு என்பதெல்லாம் அதிலே வரட்டும். நிர்வாகத்தில் இருக்கிற பெரியவர்கள் சிலர், "பெடியளையும் பெட்டையளையும் ஒண்டா வைச்சு என்ன கதை?" என்று கேட்பார்கள். கோபிக்க வேண்டாம். அவர்களில் ஒருவரை மாதம் ஒரு தரம் வந்து இருக்கச் சொல்லுங்கள். கதவு எப்போதும் திறந்திருக்கட்டும், எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கட்டும். ஒருவர் மட்டும் நின்றால் அன்றைக்கு விளையாட்டு மட்டும். இந்த இரண்டு பேர் விதி பிள்ளைகளுக்கும் காவல், உங்களுக்கும் காவல்.

அந்த இரண்டாவது ஆளை எங்கே தேடுவது? முகாமிலிருந்து வந்த தாய்மாரிடம் தேடுங்கள். தமிழ்நாட்டு முகாம்களில் மாலை வகுப்பு நடத்தியவர்கள், பாலர் பள்ளி பார்த்தவர்கள், அகதிகளே 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் தொண்டு செய்தவர்கள் அவர்களில் இருப்பார்கள். ஊரில் ஒருவரும் அவர்களைக் கேட்பதில்லை, "உதவி பெற வந்தவர்கள்" என்றே பார்க்கிறார்கள். பிறகு, குழுவில் 19, 20 வயதான இரண்டு மூன்று பேரை மெதுவாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள். இடாப்பு, விளையாட்டு, தேத்தண்ணிக் கணக்கு அவர்களிடம். மனச்சுமையான கதைகளைக் கேட்கிற வேலையை அவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

இடாப்பு என்றதும் ஒன்று. வந்தவர் பெயர், திகதி, நடந்த விளையாட்டு என்பதற்கு மேல் அதில் ஒன்றும் எழுதாதீர்கள். பிள்ளைகளின் கதை எந்தக் கொப்பியிலும் போனிலும் இருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் நாலு பேர் கூடினால் வந்து விசாரிக்க ஆட்கள் இருக்கிறார்கள், திரும்பி வந்த குடும்பங்களுக்கு அந்தப் பயம் இன்னும் கூட. எவர் கேட்டாலும் எடுத்துக் காட்டக்கூடிய இடாப்பு ஒன்று இருந்தால் உங்களுக்கும் நெஞ்சிடி இல்லை. கிராம அலுவலருக்கும் குழு நடக்கிற நாளைச் சொல்லி வையுங்கள்.

காசைப் பற்றி. தேத்தண்ணிக்கும் பணிசுக்கும் வெளிநாட்டுக் காசு வேண்டாம். கோயில்களுக்குப் பிடியரிசி எடுத்த ஊர் எங்களுடையது. வீட்டுக்கு ஒரு சின்னப் பங்கு சீனியோ தேயிலையோ கேட்டால் தருவார்கள், தந்தால் குழு தங்களுடையது என்றும் நினைப்பார்கள். "என்ன தருவியள்?" என்று கேட்கிற பெற்றோர் திட்டங்களால் பழக்கப்பட்டவர்கள். ஒரு வருசத்தில் அந்தக் கேள்வி ஓயும்.

கனடாவில் இருக்கிற அண்ணருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். கட்டடம் வேண்டாம். கல்லில் பெயர் வெட்டித் திறந்து, பிறகு ஆடு படுத்திருக்கிற கட்டடங்கள் யாழ்ப்பாணத்தில் போதிய அளவு இருக்கின்றன. உங்களிடம் சனசமூக நிலையம் இருக்கிறது. அவர் தரக்கூடிய உதவி வேறு: கிளினிக்குக்குப் போகிற பிள்ளைக்கும் கூடப் போகிறவருக்கும் பஸ் காசு, ஆவண அலைச்சலுக்கான செலவு, இரண்டு பெரியவர்களுக்கு ஒரு சிறு கொடுப்பனவு, மேற்பார்வைக்கு வருகிறவரின் போக்குவரத்து. இது ஒரு கட்டடத்தின் கூரைச் செலவுக்கும் வராது. ஆனால் மூன்று வருசத்துக்குத் தவறாமல் வர வேண்டும். மொத்தமாகத் தந்தால் சனசமூக நிலையக் கணக்கில் வைப்பிட்டு, இரண்டு கையெழுத்தோடு எடுங்கள். படமும் கதையும் முடியாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். பேஸ்புக்கில் போன ஒரு படம் அந்தப் பிள்ளையின் கலியாணப் பேச்சு வரைக்கும் பின்னால் வரும். அதற்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஒரு தரம், பெயரில்லாமல் ஒரு பக்கம்: எத்தனை நாள் நடந்தது, எத்தனை பேருக்கு ஆவணம் கிடைத்தது, ரூபாய் எங்கே போனது. அதற்குச் சம்மதிக்காவிட்டால் அவருடைய காசு உங்களுக்குத் தோதில்லை. ஊர்ப்பற்றில்தான் கேட்கிறார், விளங்கப்படுத்தினால் அநேகமாக ஒத்துக்கொள்வார்.

மேற்பார்வை என்றேன். திட்டங்கள் முடியும்போது முதலில் அறுந்துபோவது அதுதான், ஆனால் ஒருவரும் அதை ஒரு இழப்பாக எண்ணுவதில்லை. மாதம் ஒரு தரம், குழுவுக்கு வெளியே இருக்கிற அனுபவமுள்ள ஒருவரோடு நீங்களும் மற்றவரும் ஒரு மணித்தியாலம் இருந்து கதைக்க வேண்டும். எந்தப் பிள்ளை யோசினை தருகிறது, எதில் தடுமாறினேன், எது என்னைத் தொட்டது என்று. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருந்தால் அவரைக் கேளுங்கள். தெல்லிப்பளை மனநலப் பிரிவில் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கிவரும் சாந்திகம் என்ற உளவளத்துணை நிறுவனத்தில் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், சனசமூக நிலையத்தின் கடிதத் தலைப்பில். வாயால் கேட்டால் "பார்ப்பம்" என்று போய்விடும். மேற்பார்வை ஒழுங்காகி ஆறு மாதம் போன பிறகு, இன்னும் செய்ய விருப்பமிருந்தால், சாதாரண பணியாளர்கள் ஐந்து அமர்வில் நடத்தக்கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பிரச்சினை முகாமை முறை போன்ற ஒன்றைப் பழகலாம். மேற்பார்வை இல்லாமல் அதைத் தொடக்கூட வேண்டாம்.

உங்கள் நித்திரைக்கு வருவோம். 2009இல் வன்னியில் இருந்து வந்தவர் நீங்கள். பிள்ளைகள் சொல்கிற கடலும் செல்லடியும் உங்களுக்குக் கேள்விப்பட்ட கதை இல்லை. அந்த அனுபவம் பிள்ளைகளை விளங்கிக்கொள்ள உதவும், அதேயளவு உங்களைக் கீழே இழுக்கவும் செய்யும். இரவு எட்டு மணிக்குப் பிறகு குழுவின் வட்ஸ்அப்பை மூடுங்கள். அவசரத்துக்கு 1926 இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம் ஆக்குங்கள். நீங்கள் 24 மணித்தியாலமும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமையை மற்றவரிடம் விட்டுவிட்டு வீட்டில் நில்லுங்கள். நித்திரைக் குறைவு இன்னும் மூன்று கிழமைக்கு மேல் போனாலோ, விடிய எழும்ப மனமில்லாமல் போனாலோ, கனவில் பழையவை வந்தாலோ, பிள்ளைகளைக் கூட்டிப் போகிற அதே கிளினிக்கில் உங்களுக்கும் ஒரு துண்டு எடுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இது புதினமில்லை.

பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளை இந்தக் குழுவில் சேர்க்க வேண்டாம். 20 வயதுக்காரரின் கதை அவர்களின் காதில் விழக் கூடாது, அவர்கள் இருந்தால் மூத்தவர்கள் வாய் திறக்கவும் மாட்டார்கள். அக்கா அண்ணாவோடு வந்தே தீருவோம் என்று நின்றால், முற்றத்தில் விளையாட விட்டு, தாய்மாரில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களுக்கென்று தனியாக ஒன்று தொடங்குவதை அடுத்த தைக்குத் தள்ளிப் போடுங்கள். அதற்குள் அந்தத் தம்பியைக் கிளினிக்கில் காட்டிய பிறகு என்ன சொன்னார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள், பெயர் வேண்டாம்.